ஆவுளியா மேய்ந்த இடம்

கரையில் இடம் போதவில்லை என்று கடலில் தீவு போடத் தொடங்கியிருந்த காலம் அது. பாலைவனம் அவ்வளவு கிடக்க, இடம் எப்படிப் போதாமல் போனது என்று அபுதாபியில் யாரும் கேட்டதாக நினைவில்லை. எங்களோடு ஒரே ஃபிளாட்டில் தங்கியிருந்த சித்தப்பாவுக்கு அந்தத் தீவால்தான் வேலை கிடைத்தது. மண் கொட்டுவதற்கு முன்னால் கடலின் ஆழத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கவேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு டியூட்டி. சித்தப்பாவுக்கும் டியூட்டிதான். ஆனால் அவருடையது படகில் என்பதால், முழங்கால்வரை தொங்கிய லைஃப் ஜாக்கெட் ஒன்றை மாட்டி என்னையும் ஏற்றிக்கொண்டார். படகோட்டி தொண்டிக்காரர். சித்தப்பா அவரை பாய் என்பார். அவர் சித்தப்பாவை சார் என்பார்.

படகு நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போகவேண்டும். கோணினால் அந்தக் கோட்டை முதலிலிருந்து ஓட்டவேண்டும். சித்தப்பா ஆழத்தைக் காட்டும் கருவியின் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. எனக்கு அலுப்பு தட்டத் தொடங்கிய நேரத்தில் எஞ்சின் நின்றது.

"என்ன பாய், ஏன் நிறுத்திட்டீங்க? லைன் போச்சே!"

"சத்தம் போடாதீங்க சார். முன்னாடி பாருங்க."

முன்னால் ஒன்றுமில்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அடியில் கடற்புல் பச்சைப் பசேலென்று சாய்ந்து ஆடுவது தெரிந்தது. பாலைவனத்துக் குழந்தையான நான் அவ்வளவு புல்லை ஒருசேரப் பார்த்ததே அன்றுதான். பிறகு அந்தப் பச்சைக்கு மேலே ஒரு நிழல் நகர்ந்தது. அருகில் இன்னொன்று. எண்ணத் தொடங்கி, பதினொன்றில் விட்டுவிட்டேன்.

ஒன்று மேலே எழும்பி வந்தது. படகில் பாதி நீளம் இருக்கும். மீசை முளைத்த தடித்த மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, இரண்டு துவாரங்களையும் திறந்து, 'புஸ்' என்று மூச்சு விட்டது. தூங்கும் மனிதர் ஒருவர் பெருமூச்சு விட்டதைப் போலவே இருந்தது. அதன் முதுகை ஒட்டிக் குட்டி ஒன்றும் எழும்பி, சின்னதாக ஒரு 'புஸ்'.

"சித்தப்பா, இட்ஸ் ப்ரீதிங்!" என்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. கடலுக்குள் இருக்கும் ஒன்று எங்களைப் போலவே காற்றுக்காக வருகிறது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

"ஆவுளியா, பாப்பா" என்றார் பாய். "கடல்பசுன்னும் சொல்லுவாங்க. எங்க ஊருல வலையில செத்து மாட்டுனதத்தான் நான் பாத்திருக்கேன். இப்படிக் கூட்டமா, உசுரோட, இன்னைக்குத்தான் பாக்குறேன்." பிறகு சித்தப்பாவிடம், "இது புல்லு மட்டும்தான் சார் திங்கும். புல்லு போச்சுன்னா எங்க போவும்?" என்றார்.

திரை தன்பாட்டுக்கு எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்க்கவில்லை. கூட்டம் மேய்ந்தபடி எங்களைக் கடந்துபோகும்வரை மூவரும் அப்படியே இருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான், "யல்லா பாய், எடுங்க" என்றார். அந்தக் கோட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம்.

இரண்டு வருடம் கழித்துத் தீவைத் திறந்துவிட்டார்கள். குடும்பத்தோடு போனோம். அகலமான நடைபாதை, புல்தரை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் இருந்தன. அம்மா, "உங்க சித்தப்பா போட்ட தீவு" என்று பெருமையாகச் சொன்னாள்.

"சித்தப்பா, நாம ஆவுளியா பாத்தோமே, அது எங்க?" என்று கேட்டேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். ஒருமுறை கீழே குனிந்தும் பார்த்தார். பிறகு கடல் பக்கம் கை நீட்டி, "அதோ, அங்க" என்றார்.

நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்து நின்றேன். இப்போது ஒரு மூக்கு எழும்பும், இப்போது ஒரு மூச்சு கேட்கும் என்று, ஐஸ்கிரீம் கரைந்து முழங்கையில் வழியும்வரை நின்றேன். குட்டி வளர்ந்திருக்குமா என்றுகூட அவரிடம் கேட்டேன். "வளந்திருக்கும்" என்றார்.

அவை மேய்ந்த இடத்தின்மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தின் ஆழத்தை அளந்தவர் அவர்தானே.