மூன்றாவது குவியல்

சட்டம் படிக்கப் போகிறேன் என்று என் மகள் சொன்னபோது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்களா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. பார்த்துப் பார்த்து வீட்டிலும் அப்படியே ஆகிப்போனேன். கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன்.

“வக்கீலுக்கு எதுக்குத்தாயி?” என்று கேட்டேன்.

“பேசுறதுக்குப்பா.”

“அதான் இங்கனயே காது கிழியப் பேசுறியே. அதுக்கு அஞ்சு வருசம் படிக்கணுமாக்கும்?” என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதற்குக் காரணம் சட்டம் இல்லை. எங்கள் பக்கம் எங்காவது ‘டம்’மென்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு நிமிடம் கை நின்றுபோகும். யார் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணுவோம். எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு வரும். அப்படி எண்ண வேண்டிய தேவை இல்லாத ஊருக்கு அவள் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

தேசிய சட்டக் கல்லூரிகளுக்கு நாடு முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வு வைக்க ஆரம்பித்த புதிது. இருநூறு கேள்வி, இரண்டு மணி நேரம், எல்லாம் ஆங்கிலத்தில். அதற்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் பக்கம் ஆள் இல்லை. சென்னையிலிருந்து தபாலில் மாதிரி வினாத்தாள் புத்தகங்கள் வரவழைத்தோம். எப்படிப் படிப்பது என்று வழி சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பெரிய தாளில் எழுதி அவள் மேசைக்கு மேலே ஒட்டினேன்.

அவசரம் கூடாது. கையில் எடுத்ததை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும்.

படித்துவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

“அப்பா, இது ஒங்க கம்பெனி செவத்துல இருக்கிற போர்டுதான?”

“ஆமா. அதுக்கென்ன? நல்லது எங்க இருந்தாலும் நல்லதுதான்.”

“கடைசியில ‘போர்மேனைக் கூப்பிடவும்’னு இருக்குமே, அதை விட்டுட்டீக.”

“கூப்பிடு. நான் இங்கனதான இருக்கேன்.”

சொன்னபடியே செய்தாள். ஒரு கேள்வியில் நின்றால் நின்றதுதான். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு, அதற்கு ஒரு வழி பண்ணாமல் அடுத்ததைத் தொடமாட்டாள். முதல் மாதிரித் தேர்வை நான்தான் திருத்தினேன். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் எழுபத்தெட்டாவது கேள்வியோடு நேரம் முடிந்திருந்தது.

“ஒண்ணுகூடத் தப்பில்ல பாத்தியா!” என்று மனைவியிடம் காட்டினேன்.

“மிச்சம் நூத்திருபத்திரண்டை யாரு எழுதுவா? நீங்க போயி எழுதுவீகளா?”

இரண்டு மாதம் இப்படியே போனது. எண்பது, எண்பத்தைந்து, ஒரு நாள் தொண்ணூறு. அதற்கு மேல் ஏறவில்லை. அவள் சரியாகப் பேசுவதில்லை, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். தன் ஆங்கிலம்தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் எழுதி ஒட்டிய தாள் எங்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் வத்தலை என் மனைவி விருதுநகரில் வாங்கி வந்து, கூடத்தில் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மூடை மூடையாக வத்தல் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தவள். கை ஓடுகிற வேகம் கண்ணுக்குத் தெரியாது. நல்லது ஒரு பக்கம், வெளுத்துப்போன சண்டு ஒரு பக்கம். நானும் உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு வத்தலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நல்லதா சண்டா என்று தெரியவில்லை. காம்பைப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். தும்மினேன்.

“ஏங்க, அது மொளகா வத்தல். ஒண்ணும் வெடிச்சிராது” என்றாள் மனைவி.

மகள் மேசையில் இருந்தபடியே சிரித்துவிட்டாள்.

“எதுன்னு தெரியலைல்ல, அதான் பாக்கேன்” என்றேன்.

“தெரியலைன்னா இந்தா, இங்கன மூணாவதா ஒரு குவியல் இருக்குல்ல, இதுல போடுங்க. எல்லாம் முடிஞ்ச பெறகு இதை மட்டும் பாத்துக்கிடலாம். இம்புட்டு நேரத்துல நான் அரை மூடை பிரிச்சிருப்பேன். ஒங்களையெல்லாம் கிட்டங்கியில மதியச் சோத்துக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பாக.”

சிரித்துக்கொண்டிருந்த மகள் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து வந்து அந்த மூன்றாவது குவியலைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய், நான் ஒட்டிய தாளைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து மடித்து என் கையில் கொடுத்தாள்.

“கோவிச்சுக்கிடாதீகப்பா. இது மருந்து ரூமுக்குத்தான் சரி.”

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் எழுதிய தேர்வில் அவள் இருநூறாவது கேள்வி வரை போய்விட்டாள். சந்தேகமான கேள்விக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தாண்டினாள். கடைசியில் வட்டங்களுக்குத் திரும்பி வந்தாள். தப்பு இருபத்தாறு, சரி நூற்று நாற்பதுக்கு மேல், மிச்சம் தெரியாமல் விட்டவை. வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே மூன்று பேரும் சிரித்தோம்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

எங்கள் கம்பெனியில் இல்லை. எங்களுக்குத் தெற்கே, நான்கைந்து புஞ்சைகள் தள்ளி இருந்த இன்னொன்றில். மாலை மூன்று மணி இருக்கும். அங்கே செத்துப்போனவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. என் ஆட்களை அறை அறையாக வெளியேற்றி, கேட்டில் நிறுத்தி எண்ணி, வேனில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் நான் கிளம்ப முடியும். எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டதில் செல்லில் லைன் கிடைக்கவே இல்லை. வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மனைவி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியையும் என்னையும் பார்த்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே போனேன். மகள் மேசையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“வந்துட்டீகளா?”

“ஜன்னல் அதிர்ந்திருக்குமே. கேக்கலையாத்தா?”

“கேட்டுச்சு.” குனிந்துகொண்டாள். “எதுன்னு தெரியலைல்லப்பா. அதான் மூணாவது குவியல்ல போட்டுட்டேன். கடைசியில பாத்துக்கிடலாம்னு.”

நான் கிணற்றடிக்குப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். இவளுக்கு இவ்வளவு மனத்திடமா என்று ஒரு பக்கம் பெருமை. நம்மை ஓரமாக எடுத்து வைத்துவிட்டாளே என்று இன்னொரு பக்கம். மறுநாள் காலையில் அந்தத் தாளைத் திருத்த உட்கார்ந்தேன். தொண்ணூற்று மூன்று வரை ஒழுங்காக இருந்தது. தொண்ணூற்று நான்கிலிருந்து எல்லா விடையும் இரண்டாவது கட்டத்திலேயே, ஒன்றன்கீழ் ஒன்றாக. பென்சில் அழுத்திய அழுத்தத்தில் சில இடங்களில் தாள் ஓட்டையாகியிருந்தது. அதற்குமேல் ஒரு வட்டம்கூட இல்லை. சத்தம் கேட்டதிலிருந்து நான் வாசலில் வண்டியை நிறுத்தும் வரை அவள் ஒரு கேள்வியையும் படிக்கவில்லை.

அந்தத் தாளுக்கு மார்க் போடவில்லை. எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

சோதனைக்கு அதிகாரிகள் வந்ததால் சுற்று வட்டாரத்தில் எல்லாக் கம்பெனியையும் ஒரு வாரம் மூடியிருந்தார்கள். நான் வீட்டிலேயே இருந்தேன். அவள் எழுதும்போது அதே அறையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். ஐந்து தேர்வு எழுதினாள். ஐந்திலும் வட்டங்கள் இருந்தன, வட்டங்களுக்குத் திரும்பி வந்ததும் தெரிந்தது. கடைசி இரண்டில் நூற்றைம்பதைத் தாண்டினாள்.

தேர்வு சென்னையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேர்வு மைய வாசலில் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்:

“இன்னைக்குக் கம்பெனி லீவுதானப்பா?”

“ஞாயித்துக்கெழம தாயி.”

“இங்கனயே இருப்பீகளா?”

“இந்த வேப்பமரத்தடியை விட்டு அசையமாட்டேன்.”

அசையவில்லை. எதிரே டீக்கடை இருந்தது, தொண்டை வறண்டது. போகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கும்பலோடு வெளியே வந்தவள், படியில் நின்று முதலில் அந்த மரத்தைத்தான் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

“எத்தனை வட்டம்?”

“முப்பத்தொண்ணு. எல்லாத்துக்கும் திரும்பி வந்துட்டேன்ப்பா.”

இரண்டாவது பட்டியலில் இடம் கிடைத்தது. ரயிலில் ஒன்றரை நாள் போக வேண்டிய ஊர். அங்கே வெடிச் சத்தம் கேட்டால் கல்யாண ஊர்வலம் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு ஓடுகிறார்களாம். நான் ஆசைப்பட்ட ஊர் அதுதான்.

ஆனால் தினமும் ஐந்தரை மணிக்கு, வேலை முடிந்து எங்கள் கம்பெனி வேன் கேட்டைத் தாண்டுகிற நேரத்துக்கு, என் செல் அடிக்கிறது.

“வந்துட்டீகளாப்பா?”

“வந்துட்டேன் தாயி.”

“சரி, நான் படிக்கப் போறேன்” என்று வைத்துவிடுகிறாள்.