மட்டக்கம்பை ஆயுதமாக்கினேன்

ஒரு பொய் அறிக்கை எழுதிப் பன்னிரண்டு பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு வாசகர் கடிதத்தில் கேட்டிருந்தார்: 'வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் என்று ஒன்று இருந்ததா?' இருந்தது ஐயா! அதன் எதிரே நான் கைகட்டி நின்றிருக்கிறேன்.

அப்போது இலங்கையில் மாத்தளைப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கிளார்க் வேலை எனக்கு. எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத பெண்ணைக் கொழுந்து பறிக்க வரச் சொன்னார் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை. பச்சை உடம்பு! வேலை முடிந்ததும் மற்றப் பெண்கள் பொது ரோட்டுச் சந்தியில் கூடிப் பேசினார்கள். அவ்வளவுதான். முதுகில் கூடை, கையில் மட்டக்கம்பு — கொழுந்து மட்டமாக இருக்கிறதா என்று செடிமேல் வைத்துப் பார்க்கிற மெல்லிய கம்பு.

சட்டவிரோதமாகக் கூடினார்கள் என்று துரை புகார் கொடுக்க, பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்தார்கள்.

"அவங்க கையில என்ன?" என்று என்னைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கம்பு சார்."

"அப்ப ஆயுதம்னு எழுது."

எழுதினேன். 'அடிக்க ஓங்கினார்கள்' என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன்... பிரமோஷன் ஆசை! அதே கம்போடு மலையேறி என்னைப் படிக்க வைத்தவள் என் அம்மா.

தண்டனை விழுந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போகும். தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடான லயக் காம்பராவும் போகும். பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வழக்கு நாள். அறிக்கையை உறுதி செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் முதலில் நின்றவர் மாரியாயி. என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்.

"கிளார்க்கு ஐயா, இத வச்சு ஒங்க ஆத்தா எத்தன பேரக் கொன்னாங்க?"

கோர்ட்டே சிரித்தது.

நீதவான் கம்பை வாங்கி லேசாக வளைத்தார். படக்கென்று ஒடிந்தது.

"இதுவா ஆயுதம்?"

"இல்லை. ஓங்கினார்கள் என்பதும் பொய். எழுதியவன் நான்."

தீர்ப்பு சுருக்கம்தான். பலர் கூடுவதாலேயே குற்றம் ஆகாது. அமைதி கெடும் என்று அஞ்ச நியாயமான காரணம் வேண்டும். அதை அரசாங்கம்தான் காட்ட வேண்டும். துரைக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமா? இல்லை. பன்னிரண்டு பேரும் விடுதலை!

வாசலில் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அன்று மாலையே என் வேலை போயிற்று. ஜெயிலுக்குப் போகாதது அதிர்ஷ்டம்.

மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன்.

"வேல போயிருச்சாமே தம்பி?" என்றார் மாரியாயி.

"போயிருச்சுக்கா."

"நல்லதாப் போச்சு. அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுத ஆளில்லாம நிக்கிறோம். ஒக்காருங்க. இந்த வாட்டியாச்சும் உள்ளத எழுதுங்க!"

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அதே சந்தியில் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் திரண்டது. கூட்டம் கலையுமுன்பே துரையின் ஆள் ஓடிவந்தார்: உடம்பு தேறும்வரை பிள்ளை பெற்ற அந்தப் பெண் மலைக்கு வரவேண்டாமாம்!

இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். முழுக்கூட்டத்திலும் அவர் பேசியது ஒன்றே ஒன்று: "பஸ் வருது, கொஞ்சம் வழி விடுங்கம்மா."

வழி விடச் சொல்லலாம். வாயை மூடச் சொல்ல முடியாது — சட்டம் அவ்வளவுதான்!