கேமராவை விற்றுத் தருகிறேன் என்றேன்

2007 என்று நினைக்கிறேன். மார்ச் மாதம். அப்போது திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்தான் எனக்கு வாடிக்கையாளர்கள். நவம்பரில் வந்து இறங்குவார்கள், மார்ச்சில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த நாலைந்து மாதத்தைத்தான் எங்கள் பக்கத்தில் 'சீசன்' என்போம். வாடகைக்கு வீடு விடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், வெளிநாட்டுக்காரர் வீட்டில் சமைக்கிறவர், நான், எல்லோருக்கும் வருடம் முழுக்க அதுதான் சோறு.

ஊருக்குப் போகிறவர்கள் விமானத்தில் ஏற்ற முடியாத சாமான்களைத் தங்கள் வீட்டில் வேலை செய்தவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மெத்தை, சைக்கிள், மிக்ஸி என்று ஏதாவது கிடைக்கும். கிடைத்ததை வைத்துக்கொள்வார்கள் அல்லது விற்பார்கள். அதில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்த ஒரு சமையல்கார அக்காவுக்குக் கேமரா ஒன்று கிடைத்தது. அக்காவுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். ஆறு வருடமாக ஒரு ஜெர்மனிக்கார அம்மா வீட்டில் சமைத்துவந்தார். மிளகாய் இல்லாமல் சாம்பார், புளி இல்லாமல் ரசம் என்று அவர் வைத்ததை அந்த அம்மா தட்டை வழித்துச் சாப்பிடுவாராம். "எங்க ஊர் மாடு கூட மோந்து பாக்காது தம்பி" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். அந்த அம்மா இனி இந்தியாவுக்கு வரப்போவதில்லை என்று முடிவு செய்து கிளம்பியபோது, தான் ஆசையாக வைத்திருந்த பெரிய கேமராவையும் நீள லென்ஸையும் அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குக் கேமரா எதற்கு? அதை விற்று, வந்த பணத்தில் செங்கம் ரோட்டிலேயே சின்னதாக, இட்லி தோசை விற்கும் ஒரு நாஷ்டா கடை போட வேண்டும் என்பது அவர் கணக்கு. இனி யார் வீட்டுக் கதவையும் தட்டி வேலை கேட்கத் தேவையிருக்காது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டிருக்கிறார். அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். வாடிய முகத்தோடு என் கடைக்கு வந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நெட்ல போட்டா இதுக்கு நல்ல ரேட்டு கெடைக்கும்க்கா. நான் வித்துத் தர்றேன், கவலைய விடுங்க" என்றேன்.

நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். அந்தப் படிப்பால் அதுவரை எனக்கு ஒரு காசுக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை. இலவசமாக விளம்பரம் போடும் ஒரு தளத்தில் கேமராவின் படத்தைப் போட்டு, கீழே ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். புனிதமான மலை, அதைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கும் பக்தர்கள், மனசு நிறைந்து பரிசு கொடுத்த ஜெர்மன் பெண்மணி, கடை வைக்கக் கனவு காணும் ஏழைச் சமையல்காரர் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது நாளே மெயில் வந்தது. இங்கிலாந்தில் இருக்கிறாராம். பல வருடம் முன்னால் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறாராம், வெறுங்காலோடு மலையைச் சுற்றியிருக்கிறாராம். அந்த ஏழைச் சமையல்காரருக்கு உதவக் கிடைத்த வாய்ப்பு என்று எழுதியிருந்தார். பேரமே பேசவில்லை. நாங்கள் கேட்டதற்கு மேலேயே கொஞ்சம் போட்டுத் தருவதாகச் சொன்னார். கேமராவை மட்டும் வேறொரு நாட்டில் படிக்கும் தன் தங்கை மகனுக்கு நேராக அனுப்பிவிட வேண்டும்.

அக்காவை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெள்ளைக்காரங்க ஒரு பேச்சு சொன்னா மாற மாட்டாங்க தம்பி. ஆறு வருசத்துல அந்தம்மா ஒரு நாள் எனக்குக் கம்மியா குடுத்ததில்ல" என்றார்.

எனக்கும் அதே நினைப்புதான். அவசரத்தில் பில் கட்டாமல் பஸ் ஏறிவிட்டு, அடுத்த சீசனில் ஞாபகமாக வந்து கொடுத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரர் என்றாலே நாணயம் என்றுதான் அர்த்தம். மெயிலில் வருகிறவர் உண்மையில் எந்த நாட்டுக்காரர், யார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மெயில் வங்கியிலிருந்து. பணம் கட்டப்பட்டுவிட்டது, பார்சல் அனுப்பிய ரசீதின் எண்ணைத் தெரிவித்ததும் உங்கள் கணக்கில் சேரும் என்று முத்திரையெல்லாம் போட்டு வந்திருந்தது. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பணம் வர்றதுக்கு மின்னாடியே பொருள அனுப்பணுமா?"

"பேங்க்கே சொல்லுதுக்கா. இதெல்லாம் வெளிநாட்டு முறை" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். வெளிநாட்டு முறையைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும் என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவைத் தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றினார் அக்கா. வாங்குகிறவருக்கு இருக்கட்டும் என்று கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்தார். டவுனில் கூரியர் ஆபீஸுக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தோம். அதற்கான செலவை நானே கட்டினேன். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு. ஜெர்மனிக்கார அம்மா போய்விட்டதால் அக்கா இங்கிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, கடை தொடங்கும்வரை கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கப் போனார். அவரிடம் செல்போன் கிடையாது. நாலைந்து நாளில் வந்து விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரசீது எண்ணை அனுப்பினேன். பணம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்த 'வங்கி' மறுபடி எழுதியது. வரி பாக்கி இருக்கிறதாம், அதை நாங்கள் முதலில் கட்ட வேண்டுமாம். வழக்கமாக வரும் ஓர் ஆஸ்திரேலியக்காரர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்ததும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அனுப்பியவர் முகவரியில் விரலை வைத்துக் காட்டினார். முன்னால் வங்கியின் பெயர் இருந்தது. பின்னால் என் கடையில் தினமும் நாலு பேருக்கு நான் உருவாக்கிக் கொடுக்கும் இலவச மெயில் முகவரி இருந்தது.

கூரியர் ஆபீஸுக்கு ஓடினேன். பார்சல் போய்ச் சேர்ந்து, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது என்றார்கள். கடைக்குத் திரும்பி வந்து அந்த முதல் மெயிலை மறுபடி படித்தேன். மலை, வெறுங்கால், ஏழைச் சமையல்காரர். எல்லாம் நான் எழுதிய விளம்பரத்திலிருந்தே எடுத்தது. அவன் புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை. என் கட்டுரையையே எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டியிருக்கிறான். நான் அதை ஏற்ற இறக்கத்தோடு அக்காவுக்குப் படித்திருக்கிறேன்.

இதுவரை நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. படித்தவன், படிக்காதவன் யாரும் ஏமாறலாம். வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்திருந்தார்.

"இன்னா தம்பி, எதனா வந்துச்சா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால், "வெளிநாட்டுலேர்ந்து வர்ற பணம் இல்லீங்களா, ரெண்டு நாள் ஆகும்க்கா" என்று வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். சர்வர் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. பாவம், "சரி தம்பி, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை வரும்போது தாளில் மடித்து, அவித்த மல்லாட்டை கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். "எனக்காக எவ்ளோ அலையுற, தின்னு" என்றார். நாளைக்குக் கண்டிப்பாகப் பணம் வந்துவிடும் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அந்தக் கடலையில் ஒன்றைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் தெருமுனையில் வருவது தெரிந்தது. பின்பக்கமாகப் போய் டீக்கடையில் ஒளிந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், என் கடை வாசலிலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த ஆளு டுபாக்கூரு. பணம் வராது. கேமராவும் போச்சி."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒனக்கு எப்போ தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கக்கெழமைக்கா."

"திங்கக்கெழமையேவா?"

பிறகுதான் சொன்னார். ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம், கைக்குழந்தைக்காரர்கள், வெயிலிலும் ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே இருக்கப்போகிறார்களாம். அக்காவின் கைப்பக்குவம் தெரிந்து, சமையலுக்கு வரச்சொல்லிப் புதன்கிழமையே வழியில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை என் கடையிலிருந்து திரும்பும்போதும் மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடும்னு நீ சொன்னியே தம்பி. அதை நம்பித்தான், நான் கடை போடப் போறேன், வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். நான் மொத மொத வந்தன்னிக்கே சொல்லியிருந்தா, அவங்க கேட்டதுமே ஒத்துக்கினு இருப்பேனே."

சீசன் முடிகிற நேரத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு சமையல் வேலை போனால், அடுத்தது நவம்பரில்தான். அது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அக்கா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட வா. நடந்தத இங்கிலீசுல அவங்களாண்ட சொல்லு. எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

நடந்தே போனோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த பிரெஞ்சுப் பெண்மணி வெளியே வந்தார். நான் எழுதிய விளம்பரம், அனுப்பிய பார்சல், சொன்ன பொய், ஒளிந்த டீக்கடை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எளிமையான ஆங்கிலத்தை நான் பேசியதே இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். ஆனால் அன்று காலையிலிருந்து வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே ஒரு பெண் காய் நறுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தியை அப்படியே பிடித்தபடி பயந்துபோய் நின்றாள்.

நான் விடவில்லை, இன்னும் ஏதோ கெஞ்சத் தொடங்கினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வா தம்பி போலாம். அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சி எனக்கு ஒண்ணும் வேணாம்."

பஸ்ஸுக்கு நிற்கும்போது, கேமராவின் விலையை எப்படியாவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேமராவ உன்னாண்ட கேக்க மாட்டேன். அது அந்தம்மா சும்மா குடுத்தது, வந்த மாதிரி போச்சி. அந்த வேல அப்பிடியில்ல தம்பி. என் கைக்காக என்னத் தேடி வந்தது."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். அந்தக் கோடை முழுக்க ஊரில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நவம்பர் பிறந்ததும் நான் தெருத்தெருவாக அலைந்தேன். தெரிந்த விடுதிகளிலெல்லாம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஒரு விடுதியின் சமையலறையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் சொன்னதாலா, அவர் வைத்த சாம்பாராலா தெரியாது. நாஷ்டா கடையை மட்டும் அவர் கடைசிவரை போடவே இல்லை. வழியில் என்னைப் பார்த்தால் நின்று பேசுவார், வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார், கிண்டலும் செய்வார். எனக்குத்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க ரொம்ப நாள் ஆயிற்று.

அதன்பிறகு யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால், தெரிந்த அன்றே போய்ச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும், அந்த மோசடிக்காரன் கடைசிவரை அகப்படவே இல்லையே என்று எனக்காக வருத்தப்படுவார்கள். கேமராவைக் கொண்டுபோனவன் யாரோ, எனக்குத் தெரியாது. அக்காவின் வேலையைக் கொண்டுபோனவனைத்தான் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.