துண்டுக்குள்ள கேட்ட கேள்வி

தொண்ணூத்தெட்டாம் வருஷம்னு நினைக்கேன், நல்ல பங்குனி வெயில். கோவில்பட்டியில இருந்து பசுவந்தனை போற வழியில ஒரு கரிசக்காட்டுக் கிராமம் எங்க ஊரு. எனக்குத் தொழில் ஆட்டுத் தரகு. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில என் சத்தம் கேக்காம ஒரு கிடா கைமாறாது. வாய்தான் எனக்கு முதலு. கத்திக் கத்தியே தொண்டையில சதை வளந்து, குரல் தகரத்தைக் கல்லுல தேய்ச்ச மாதிரி ஆயிப்போச்சு. தூத்துக்குடியில ஆபரேஷன் பண்ணி அந்தச் சதையை எடுத்தாவ.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மூணு விஷயம் சொன்னாவ. பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுன்னுகூட. கனம் தூக்கக் கூடாது. வெளிக்கு இருக்கும்போது முக்கக் கூடாது. முக்கினா தொண்டை இறுகும், புண்ணுல ரத்தம் கசியும், குரல் பழையபடி வராமலே போயிரலாம். முதல் ரெண்டையும் பயந்து கேட்டுக்கிட்டேன். மூணாவதுக்கு உள்ளுக்குள்ள சிரிச்சேன். விடிஞ்சா செம்பைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டு வாற ஆளு, அதுல நமக்கு என்ன குறைன்னு ஒரு மெத்தனம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனைப் பாக்க எங்க சனம் வெறுங்கையோட வராது. தொண்டை ஆபரேஷன்னு தெரிஞ்சதும், மெத்துன்னு இருக்கும்னு ஆளாளுக்கு ரொட்டி பாக்கெட்டோட வந்துட்டாவ. அலமாரி கொள்ளல. என் வீட்டுக்காரி மூணு வேளையும் பால்ல ரொட்டியை நனைச்சு ஊட்டினா. தண்ணி குடிச்சா தொண்டை காந்தும், ரெண்டு மடக்கோட நிறுத்திக்கிடுவேன். குழாயில எட்டு நாளைக்கு ஒருக்க தண்ணி வாற ஊரு. தண்ணி குடிக்காதவனை யாரு குறை சொல்லப் போறா?

ரெண்டு நாளா ஒண்ணும் இல்ல. மூணாம் நாள் உடைமரத்துக்குப் பின்னால அரை மணி நேரம் உக்காந்து பாத்தேன். கொஞ்சம் முக்குவோமான்னு நினைச்சாலே டாக்டரம்மா முகம் முன்னால வந்து நின்னுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். நாலாம் நாள் வயிறு கல்லு. சனம் கொண்டு வந்த அன்பு அம்புட்டும் உள்ள அடைச்சுக்கிட்டு நிக்கி. முக்கினா குரல் போயிரும், குரல் போனா பிழைப்பு போயிரும். இப்படி ஒரு சிக்கல்ல மனுசன் மாட்டலாமா?

சொல்லித் தொலைய வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வச்சிருந்தேன். வீட்டுக்காரிக்கு வாசிக்கத் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத மச்சினன் லீவு போட்டு வந்து துணைக்கு இருந்தான். ரேடியோவுல செய்தி சொல்லுத மாதிரிதான் வாசிப்பான். தலகாணி வேணும்னு எழுதினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். வீடு நிறைய சொந்தக்காரங்களை வச்சுக்கிட்டு இதை எப்படி எழுத? ரெண்டு தடவை எழுதி, அவன் பாக்கும் முன்னால எச்சிலைத் தொட்டு அழிச்சேன். வீட்டுக்காரிகிட்ட வயித்தைத் தடவிக் காட்டினேன். பசிக்குதாக்கும்னு இன்னும் ரெண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்தா பாவி மக.

அஞ்சாம் நாள் காலையில ஆடு வளக்குத அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆறு மாசத்துக்கு முன்னால, அவர் கிடாவைப் பல்லு போன கிழடுன்னு நான் சந்தையே கேக்கக் கத்திட்டேன். அதிலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. வெறுங்கையோட வந்த ஒரே ஆளும் அவர்தான்.

கட்டில் ஓரமா உக்காந்து என்னையே பாத்தார். நான் புரண்டு புரண்டு படுக்கேன். தோள்ல கிடந்த துண்டை எடுத்து என் கைமேல போட்டார். எங்க சந்தையில கத்துறதெல்லாம் ஆட்டோட தரத்தைப் பத்தித்தான், விலையை வாயால சொல்ல மாட்டோம். துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சுத்தான் பேசிக்கிடுவோம். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. அவர் கையும் துண்டுக்குள்ள வந்துச்சு. குனிஞ்சு என் காதுகிட்ட, வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சுன்னு கேட்டார். அவர் அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சேன். விடவே மனசில்ல. கண்ணுல தண்ணி வந்துட்டு.

“படுக்கையிலயும் ஏவாரமா? எம்புட்டுக்கு முடிஞ்சிச்சு அண்ணாச்சி?”ன்னு மச்சினன் கேட்டான்.

“அஞ்சுல நிக்கி. இறங்க மாட்டேங்குது”ன்னார் அவர், முகத்துல ஒரு சிரிப்பில்லாம. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிச்சா தொண்டை போயிருமேன்னு தலகாணியைக் கடிச்சேன்.

என் வீட்டுக்காரியைத் தனியா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆடு கத்தாம கால் மாத்தி மாத்தி நின்னா, முதல்ல பின்னால போயி புழுக்கை கிடக்கான்னுதான் பாப்பேன், இவரு முழியும் அப்படித்தான் இருந்துச்சுன்னாராம். விளக்கெண்ணெய் குடுப்போம்னு அவர் சொல்ல, டாக்டரம்மாவைக் கேக்காம ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்னு இவ சொல்ல, ரெண்டு பேரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாவ. லைன்ல ஒரே இரைச்சல். அஞ்சு நாளா போகலைன்னு இவ போட்ட சத்தத்துல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நான் மச்சினனுக்குப் பயந்தது வீண்.

வலி மாத்திரையும் ஒரு காரணம், எண்ணெய் வேண்டாம், இளக்கிக் குடுக்க ஒரு மருந்து சொல்லுதேன், ரொட்டியை நிறுத்துங்க, பப்பாளியும் குழைஞ்ச கீரைச்சோறும் குடுங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா நிறைய குடிக்கட்டும்னு டாக்டரம்மா சொன்னாவளாம். சாயங்காலம் பாத்தா, ரொட்டியோட வந்த அதே சனம் தண்ணியோட வருது. குழாயடியில ஒரு குடத்துக்குக் குடுமிப்பிடி சண்டை போடுத பொம்பளைங்க, அவங்க வீட்டுக் குடிதண்ணியில இருந்து ஆளுக்கொரு செம்பு ஊத்தி எங்க பானையை நிரப்பிட்டுப் போனாவ. கரண்டி கரண்டியா குடிச்சேன். தொண்டை காந்தத்தான் செஞ்சுது. அந்தத் தண்ணியை எப்படி வேண்டாம்னு சொல்ல?

ஏழாம் நாள் விடியக்காலம், ஒரு முக்கல் இல்ல, முனகல் இல்ல, காரியம் முடிஞ்சுது. அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அனுபவிக்கல. வீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லிராதீங்க. வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. ஒரு தடவை ஆச்சுன்னு ஒத்தை விரலைத் தூக்கிக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே முந்தானையால கண்ணைத் துடைச்சா. மச்சினன் சிலேட்டே இல்லாம தெருவுக்குச் செய்தி வாசிச்சான். எதிர்வீட்டுல இருந்து கடலைமிட்டாய் வந்துச்சு. எனக்குத்தான் திங்க முடியல.

ரெண்டு மாசம் கழிச்சு, இனி சத்தம் போடலாம்னு டாக்டரம்மா சொன்ன பிறகு சந்தைக்குப் போனேன். முதல் சத்தமே அந்த அண்ணாச்சி கிடாவுக்குத்தான். இது நல்ல இளங்கிடான்னு சந்தையே திரும்பிப் பாக்கக் கத்தினேன். நிசமாவே நல்ல கிடா. அன்னைக்கு நான் கிழடுன்னு சொன்னதும் நல்ல கிடாதான், விலையைக் குறைக்கக் கத்தினேன். அவர் துண்டுக்குள்ள கையை விட்டு என் விரலை ஒரு அமுக்கு அமுக்கினார்.

இப்பவும் படுக்கையில கிடக்கவங்களைப் பாக்கப் போனா நான் ரொட்டி வாங்கிட்டுப் போறதில்ல. துண்டைக் கைமேல போட்டு, அந்தக் கேள்வியைக் காதோட கேட்டுட்டுத்தான் மத்த பேச்சு. ஏன்னா, வாயாலயே பிழைச்ச எனக்குச் சொல்ல வாய் வராத ஒரு கஷ்டம் வந்தப்போ, நான் வாயால நோகடிச்ச மனுசன்தான் வந்து கேட்டார்.