எங்கள் அறையில் மூச்சு விட்டவர்கள்

ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்தது ஒரே ஒரு அறையில். அதற்குப் பின்னால் தாழ்வாரம், தாழ்வாரத்தில் அடுப்பு. ஜன்னல் ஒன்று இருந்தது, ஆனால் அது தோல்ஷாப்பைப் பார்த்திருந்தது. தோல் ஊறுகிற நாற்றம் வருகிறதென்று என் வீட்டுக்காரர் அதை ஆணி வைத்து அடித்துவிட்டார். அவருக்கு மூச்சு இழுப்பு. வேலையோ புகையிலைக் கிட்டங்கியில் எடை போடுவது. பகலெல்லாம் புகையிலைத் தூசியைக் குடித்துவிட்டு வருவார். பொழுது சாய்ந்தால் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், உள்ளே விசில் அடிக்கும். இந்த மனுஷன் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தோடுதான் அந்த வீட்டில் சோறு பொங்கினேன்.

மாடியில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் முழுசாகச் சொல்லமாட்டார். பாதி சொல்லிவிட்டு, மணி அடித்ததுபோல எழுந்து மாடிக்குப் போய்விடுவார். மீதி அடுத்த வாரம்தான்.

"அண்ணே, நாம விடுற கெட்ட காத்தைச் செடி எடுத்துக்கிருது. நல்ல காத்தை வெளிய விடுது" என்றார் ஒருநாள். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஆத்தூருக்கு, என் அப்பாவின் தோட்டத்துக்குப் போனார். இலை எம்புட்டுப் பெரிசோ அம்புட்டுக் காற்று என்பது அவர் கண்டுபிடிப்பு. கறிவேப்பிலைக் கன்றை, இலை பொடிசாக இருக்கிறதென்று கழித்துவிட்டாராம். வாழைக்கன்று, சேம்பு, ஆமணக்கு மூன்றையும் வேரோடு கிளப்பிக்கொண்டார். செம்பட்டியில் பஸ் மாறும்போது வாழையை மேலே போடச் சொன்ன கண்டக்டரோடு சண்டை போட்டு, பிள்ளையை வைப்பதுபோல அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வெவசாயம் பண்ணப் போறாரா?" என்று அப்பா ஆள்விட்டுக் கேட்டார்.

மண்ணெண்ணெய் டின்களில் மண்ணை நிரப்பி, மூன்றையும் எங்கள் படுக்கையைச் சுற்றி வைத்தார். தினமும் கல்யாணப் பந்தலில் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். இழுப்பு மட்டும் குறையவில்லை.

வாத்தியாருக்கு மீதிப் பாடம் ஞாபகம் வந்தது. "அது வெயில் இருக்குற வரைக்கும்தாண்ணே. பச்சை இலை அந்தக் கெட்ட காத்தை வச்சுத்தான் தனக்குச் சாப்பாடு ஆக்குது, நல்ல காத்து மிச்சமாகி வெளிய வருது. ஆனா மூச்சுன்னு பாத்தா செடியும் நம்ம மாதிரிதான். ராவும் பகலும் நல்ல காத்தை இழுத்துக் கெட்ட காத்தை விடும். பகல்ல சமையல் ஜாஸ்தி, மூச்சு விடுறது வெளிய தெரியாது. ராத்திரி சமையல் கிடையாது, வெறும் மூச்சுதான்."

என் வீட்டுக்காரர் அந்த வாழையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நம்பி வீட்டுக்குள் விட்டவன் பானையில் கைவிட்டதைப் பார்த்த பார்வை. "புளியமரத்தடியில ராத்திரி படுக்காதன்னு சும்மாவா சொன்னாங்க!"

அன்று முதல் பொழுது சாய்ந்தால் டின்கள் தாழ்வாரத்துக்கு, விடிந்தால் உள்ளே. தூக்குவது யார்? நான்தான். அப்பா வீட்டில் மாட்டைக் கட்டி அவிழ்த்தவள் இங்கே வாழையைக் கட்டி அவிழ்த்தேன்.

"ஏங்க, ஜன்னலை அடைச்சு வச்சுருக்கீக. பகல்லயும் உள்ள இருட்டுத்தான். அதுக எதை வச்சுச் சமைக்கும்?" என்று கேட்டேன்.

"நீ என்ன வாத்தியாரா?" என்றார்.

வாத்தியாரே மறுபடி இறங்கி வந்தார். "செடியை எதுக்குண்ணே தூக்கித் தூக்கி வைக்கிறீங்க? அதுக்கு நுரையீரலா இருக்கு? இலைக்கு அடியில பொடிப் பொடியா வாய் இருக்கு. இலை, தண்டு, வேர், அதது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிரும். ஓடுறதில்ல, ஆடுறதில்ல, அதனால கொஞ்சம் காத்து போதும். இந்தா படுத்துருக்கே பூனை, இது இழுக்குற அளவுகூட அது இழுக்காது."

சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் பூனையைத் திரும்பிப் பார்த்தார். பூனைக்கு அன்றைக்கே உள்ளே வர உத்தரவு இல்லை என்றாகிவிட்டது. அப்புறம் அரிக்கேன் விளக்கு. அதுவும் காற்றைத் தின்றுதான் எரிகிறதாம். விளக்கு தாழ்வாரத்துக்குப் போனது. இருட்டில் பரிமாறி, ரசத்தைக் குடிதண்ணீர்ச் செம்பில் ஊற்றினேன். அறையில் மிச்சமிருந்தது அவரும் நானும்தான். அடுத்து யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது.

"இந்தா புள்ள, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீ பூனையை விடப் பெரிசு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். வாழை, சேம்பு, ஆமணக்கு, பூனை, விளக்கு, நான். அறையை விட்டுத் துரத்தப்பட்ட அத்தனை பேரும் அங்கே ஒன்றாகக் குடும்பம் நடத்தினோம்.

கார்த்திகை மாதம். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே அவருக்கு விசில் ஆரம்பித்தது. நல்லா இழுக்கட்டும், அறைக் காற்று மொத்தமும் அவருக்குத்தானே என்று பூனையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசில் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று நின்றுவிட்டது.

வாழை டின்னை உருட்டிவிட்டு உள்ளே ஓடினேன். சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி இருந்தார். கண் மட்டும் என்னைப் பார்த்தது. கையை நீட்டினார்.

"வா."

"காத்து பத்தாதே?" அந்த நேரத்திலும் எனக்கு வாய் அடங்கவில்லை.

"வந்து உக்காரு."

உட்காரவில்லை. அம்மிக்குழவியைத் தூக்கி வந்து ஜன்னலில் நாலு போடு போட்டேன். ஆணி தெறித்தது, கதவும் ஒன்று கழன்று விழுந்தது. மழைக்காற்றும் தோல்ஷாப்பு நாற்றமும் ஒன்றாக உள்ளே வந்தன. அப்புறம்தான் அவர் பின்னால் உட்கார்ந்து, முதுகை என்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மூச்சு ஒரு வழிக்கு வந்தது.

"நீ வந்தப்பறந்தான் மூச்சு வந்துச்சு" என்றார்.

"ஜன்னல் தெறந்துச்சு, அதான்."

"இல்ல. நீ வந்தப்பவே வந்துருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முதுகிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வாத்தியார் வந்து, "அண்ணே, இன்னொரு விஷயம்" என்றார். "சார், முழுசா இருந்தாச் சொல்லுங்க. பாதின்னா அப்படியே மாடிக்குப் போயிருங்க" என்றேன். போய்விட்டார்.

பிறகு அந்த ஜன்னலை நாங்கள் அடைக்கவே இல்லை. பல வருஷம் நாற்றத்தோடு குடும்பம் நடத்தினோம்.

அவர் போய்விட்டார். இப்போது அறைக் காற்று மொத்தமும் எனக்குத்தான். கட்டில் பக்கத்தில் ஒரு தொட்டியில் சேம்பு வைத்திருக்கிறேன். ராத்திரி அதை வெளியே வைக்க வேண்டுமென்று எங்கேயோ படித்துவிட்டு வந்து மகள் சொல்கிறாள். நான் வைப்பதில்லை. கூட ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு இருக்கட்டும்.