சந்தனம் வைத்த ஹெல்மெட்

இரண்டு கண்ணாடிகளிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு சாமந்தி மாலை வேறு. அந்த ஆயுத பூஜையன்று என் ஹெல்மெட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் பிறகுதான் வந்தது, இன்னும் போகவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். வேங்கிக்காலைத் தாண்டியிருந்த ஒரு பட்டறையில் நான் கம்ப்யூட்டர் ஆள். அங்கே தகடு வெட்டும் பவர் பிரஸ்கள் ஓடின. பெடலில் கால் இருக்கும்போது கையை உள்ளே விட்டால் விரல் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அதை ஓடுகிற மெஷினில்தான் கற்றுக்கொண்டார்கள். அது பொறுக்காமல்தான் ஒரு பழைய ஹெல்மெட்டுக்குள் வீடியோ கேமராவின் குட்டித் திரைகள் இரண்டை, கண்ணுக்கொரு கண்ணாடி வில்லையோடு பொருத்தினேன். மாட்டிக்கொண்டால் எதிரே நிஜம் போலவே ஒரு பிரஸ் நிற்கும். ஒயர் வைத்த கையுறையோடு தப்பாகக் கை நீட்டினால் திரை சிவந்து அலறும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று முகம் தெரியாதவர்கள் இணையத்தில் விட்டிருந்த நிரல்களைக் கொண்டே எல்லாவற்றையும் செய்தேன். "சும்மா கெடச்சதுதானே தம்பி?" என்று முதலாளி மகிழ்ந்துபோனார்.

பூஜை முடிந்ததும் அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். உலகம் திறந்துவைத்ததை இவர் பூட்டினார்! ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் மாட்டிப் பார்த்தார்கள். கிரிவலம் வந்த அவருடைய சொந்தக்காரர்கள்கூட மாட்டிப் பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் மட்டும் என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணா, நானும் ஒரு வாட்டி மாட்டிப் பாக்கட்டா? மெஷின்கிட்ட போவவே பயமா கீது." நான் போய்ச் சாவி கேட்டேன். "எண்ணெய்த் தலை, பிசுக்காயிடும். பார்ட்டி வர்ற நேரம். மெஷின்லயே கத்துக்கட்டும்" என்றார் முதலாளி. எவ்வளவு சண்டை போட்டும் சாவி வரவில்லை.

அந்த வாரமே அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. "பாத்து செய்ய வேணாமா?" என்று அவளையே கேட்டார் அந்த மனுஷன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. அன்றே வேலையை விட்டேன்.

இப்போதும் வேறு ஊர்ப் பட்டறைகளுக்கு இதே மாதிரி ஹெல்மெட்டுகளைத்தான் செய்து கொடுக்கிறேன். புது ஆள் இதில் பழகாமல் மெஷினைத் தொடக் கூடாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறேன். அந்த வேலையை விட்டுச் சில வருஷம் கழித்து, ஓர் ஆயுத பூஜையன்று, ஹெல்மெட்டைத் திருப்பிக் கேட்கப் போனேன். "ராசியான பொருள் தம்பி, தர மாட்டேன்" என்றார் முதலாளி. அலமாரி திறந்திருந்தது. அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றப்பட்டிருந்த அவள், மீதியிருந்த விரல்களால் சந்தனத்தைத் தொட்டு, அந்தக் கண்ணாடிகளில் வைத்துக்கொண்டிருந்தாள்.