பசி மறந்த தாய்மாமன்

மெல்பர்னில் தினமும் மதியம் ஒரு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கிறது, சாப்பிடச் சொல்லி. அடிக்காவிட்டால் மாலைவரை சாப்பாட்டு நினைவே வராது. நூற்றைம்பது கிலோ உடம்போடு இனி பஸ் ஓட்டச் சான்று தர முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அறுவைக்குச் சம்மதித்தேன். மூளைக்கும் இரைப்பைக்கும் நடுவே ஓடும் நரம்பில் கம்பி பொருத்தி, விலாவருகே தோலுக்கடியில் ஒரு கருவியை வைத்தார்கள். நரம்பை அறுக்கவில்லை, நான் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதன் வழியே போகும் பசிச் செய்தியைக் கருவி மறிக்கிறது. அரைக் கிண்ணச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். மேலே ஒரு வாய் போனால் நெஞ்சுக்குழியில் கல்லாக நிற்கும்.

தண்ணீர் இன்னும் பெரிய பாடு. “சிப், சிப்” என்றார் நர்ஸ். கொஞ்சமாக என்று புரிந்துகொண்டு, ஊர்ப் பழக்கப்படி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். வலியில் சுருண்டுவிட்டேன். உதட்டில் வைத்துக் குடிக்க என்ன தயக்கம் என்று கேட்டார். எச்சில் என்பதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. “டர்ட்டி” என்றேன். முகம் சிவந்து, தம்ளரைக் கழுவி எடுத்துவந்தார்.

எடை குறைந்தது, வேலை தப்பியது. களைப்பு மட்டும் போகவில்லை. எங்கள் ஊர் குன்னத்திலிருந்து அரியலூருக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கை செல்விக்கு இதையெல்லாம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். அவள் மகளுக்குக் காதுகுத்து என்றதும் போனேன். குழந்தை என் மடியில் வீரிட்டது. தோடு போட்டு முடிந்ததும் பந்தியில் முதல் இலை எனக்கு. செல்வி கல்யாணத்தில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். சம்பந்தி வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

“என்னங்க மாப்ள, எலை அப்படியே இருக்கு? எங்க வூட்டுக் கறி புடிக்கலைங்களா?” என்றார் செல்வியின் மாமனார். பரிமாறிக்கொண்டிருந்த செல்வியின் முகம் சுருங்கியது. அவளுக்காக நான்கு வாய் அள்ளிப் போட்டேன். அடுத்த நிமிடம் கொல்லைப்புறம் ஓடினேன்.

பின்னாலேயே வந்தாள்.

“மறைக்காம சொல்லுண்ணே. புத்துநோயா?”

சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேடிட்ட இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பசியே எடுக்காதா?”

“எடுத்தாலும் எனக்குத் தெரியாதும்மா.”

“வவுத்துப் பொழப்புன்னுதான அம்மாந்தூரம் போன? கடைசியில அந்த வவுத்தையே ஊமையாக்கிட்டு வந்திருக்க.”

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். “நீ ஒண்ணும் சாப்புட வேணாம். மாமனாருகிட்ட நான் சொல்லிக்கிறேன். எலை முன்னாடி மட்டும் உக்காந்திரு. தாய்மாமன் பாதியில எழுந்தா நல்லாருக்காது.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாயசம் வந்தது, மோர் வந்தது. வரிசையில் ஒவ்வொருவராக இலையை மடித்து எழுந்தார்கள். என் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவ்வளவு சோற்றை உள்ளே வைத்து மடிக்கக் கை வரவில்லை; திறந்தபடி விட்டு எழ மனமும் வரவில்லை. அடுத்த பந்திக்கு இடம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்க, நான் உட்கார்ந்தே இருந்தேன்.